மூன்று கடன் ஒன்றான விதம்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடம், வைகாசி மாதம், என் தங்கையின் புருஷனுடைய கடன்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. செங்கலடிச் சந்தியில் அவர் நடத்திய புடவைக் கடை அதற்கு முன் வந்த மாரிமழையோடு படுத்துவிட்டது. தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்த கல்லடி வீட்டின் உறுதிப்பத்திரம், காத்தான்குடி முதலாளி ஒருவரிடம் ஈடாகக் கிடந்தது. அந்த வீட்டைக் கட்டுவதற்காக அப்பா தன் வயலில் பாதியை விற்றவர். உறுதியை மீட்டுத் தங்கையின் கையில் கொடுக்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை.

கடன் மூன்று பேருக்கு. ஆரையம்பதியில் வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவர். கைமாற்றாகக் கொடுத்துவிட்டு வட்டியை நெல்லாகக் கேட்கும் வயற்காரப் போடியார் ஒருவர். மூன்றாமவர் கடைக்குத் துணி கொடுத்து, உறுதியை ஈடாக வைத்திருந்த அந்தக் காத்தான்குடி முதலாளி. அவர் மார்க்கத்துக்குப் பயந்து வட்டி வாங்காதவர். ஆகவே வட்டி ஏறும் கடன்களை முதலில் அடைப்பது, முதலாளியைக் கடைசியில் வைப்பது என்று தீர்மானித்தேன். சிக்கனத்தைப் பற்றி நான் வாசித்த ஆங்கிலப் புத்தகங்களும் அதையேதான் சொல்லின. மூவரிடமும் நேரில் போய்த் தவணை கேட்டேன். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை பார்க்கும் சம்பளக்காரன் கேட்கிறான் என்பதால் சம்மதித்தார்கள்.

கடை போனபிறகு மச்சான் வண்டிலில் நெல் ஏற்றிக்கொண்டிருந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு தங்கை காசைச் சீலைத் துண்டில் முடிந்து வைத்திருப்பாள். நான் புளியந்தீவிலிருந்து சைக்கிளில் பாலத்தைக் கடந்து வந்து அதை வாங்கிப்போய்க் கட்டி, பற்றுச்சீட்டில் திகதி சரியா என்று பார்த்துத் திரும்புவேன். குறைந்த மாதங்களில் என் சம்பளத்திலிருந்து போட்டேன்.

"தங்கச்சிட வீட்டுக்குக் கட்டுங்க. நம்மட கூரைக்குக் கிடுகு ஆர் வாங்குற?" என்பாள் என் மனைவி.

மறுவருடம் புரட்டாதியோடு ஆரையம்பதிக் கடனும் போடியார் கடனும் தீர்ந்தன. ஐப்பசியில் முதலாளிக்கு உரிய முதல் தவணையோடு காத்தான்குடிக்குப் போனேன். அவர் கடையில் சாரம் மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க கிளாக்கர். நம்மட முறையும் வந்திட்டுப் போல."

"ஓம் முதலாளி. இனி உங்கட ஒண்டுதான்."

"ஒண்டுதான். ஆனா அது இப்ப மூணு கடனுக்குச் சமன்."

எனக்கு விளங்கவில்லை. அவர் மடிப்பதை நிறுத்தினார்.

"ஒங்களுக்குத் தெரியாதா? ஒங்கட தங்கச்சி மாசாமாசம் வந்து காசு வாங்கிற்றுப் போறா. 'அண்ணன் எல்லாருக்கும் ஒழுங்காக் கட்டுறார், உங்களுக்கும் கட்டுவார்' எண்டு சொன்னா. ஆரையம்பதியில விசாரிச்சன், உண்மைதான். மச்சான் வந்து கேட்டிருந்தா வாசல்லயே திருப்பியிருப்பன்."

நேரே கல்லடிக்கு வந்தேன். தங்கை முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"புள்ள, முதலாளிட்டக் காசு வாங்கினியா?"

"ஓம்."

"என்னத்துக்கு?"

"உங்களுக்குத் தரத்தான். பின்ன, நான் முடிஞ்சு தந்த காசு எங்கால வந்ததெண்டு நினைச்ச நீங்க?"

"மச்சான் வண்டில்ல உழைச்சது..."

மச்சான் சிரித்தார். "அது மாட்டுக்கு வைக்கல் வாங்கவே காணாது மச்சான். வட்டியில்லாத காச வாங்கி வட்டிக் கடன அடைச்சம். இவ்வளவு புத்தகம் வாசிக்கிற உங்களுக்கு இந்த யோசின வரல்லயே!"

தங்கையும் சிரித்தாள்.

"ஏன் புள்ள எனக்குச் சொல்லல்ல?"

"காசில்ல எண்டா உங்கட முகத்த ஆர் பாக்கிற? அதுக்கு முதலாளிட முகம் நல்லம்."

முன்பு அந்த வீட்டின் மேல் ஒரு கடன்தான் கிடந்தது. இப்போது மூன்றும் ஏறிவிட்டன. முதலாளி நம்பியது என் ஒழுங்கை. ஏமாற்றியது மச்சானாக மட்டும் இருந்திருந்தால் கோபித்துவிட்டு மறந்திருப்பேன். "எண்ணிப் பாருங்க அண்ணா" என்று மாதந்தோறும் அந்த முடிச்சை என் கையில் வைத்தவள் அவள். நானும் அவள் முன்னால் இருந்து எண்ணினேன்.

அடுத்த கிழமை முதலாளியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். "இனி என்ர பேரில ஒரு சதமும் குடுக்காதீங்க."

"அப்ப குடுத்தது?"

"அதுக்கு நான் பொறுப்பில்ல முதலாளி."

"அப்ப நான் வீட்டத்தான் பாக்கோணும் கிளாக்கர். எனக்கும் கட்டிக்குடுக்க நாலு குமர் கிடக்கு."

மாசி மாதம் வீடு முதலாளியின் பேருக்குக் கைமாறியது. உறுதி எழுதும் அன்று தங்கை ஆள் அனுப்பியிருந்தாள்: "சாட்சிக்கு அண்ணன் வரட்டும். எல்லாம் ஒழுங்கா நடக்கோணும் எண்டு நிக்கிறவர் அவர்தானே."

போனேன். நொத்தாரிசு உறுதியை வாசித்து முடித்தார். தங்கை கையெழுத்து வைத்தாள். நான் அவளுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன். அவள் எழுந்து போய்ப் பேனையை நொத்தாரிசிடம் கொடுத்தாள். அவர்தான் அதை எனக்கு நீட்டினார்.