மூன்றடுக்கு கேக்கும் இரண்டு ஷாக் அப்சார்பரும்

என் மனைவிக்கு எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பிக்கை வராது. மாவு, சர்க்கரை, வெண்ணெய் எல்லாம் கிராம் கணக்கு. முட்டையைக்கூட உடைத்து ஊற்றித் தராசில் வைப்பாள். என்னை மட்டும் எப்படி நிறுத்துப் பார்க்காமல் கட்டிக்கொண்டாள் என்று கேட்டால், "அன்னைக்குக் கொஞ்சம் அசந்துட்டேன்" என்பாள்.

நான் குழாய் பொருத்துகிறவன். எனக்குத் தெரிந்த வேதம் ஒன்றே ஒன்றுதான்: இறுக்கு, இன்னும் இறுக்கு. நான் மூடிய பாட்டிலை எங்கள் வீட்டில் வேறு யாராலும் திறக்க முடியாது. அதில் எனக்கு ரகசியமாகப் பெருமையும் உண்டு.

அவள் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். ஐந்து வருடமாக எல்லாம் பிறந்தநாள் கேக்குகள்தான். கல்யாண மண்டபத்திலிருந்து மூன்றடுக்கு கேக் கேட்டு முதல் ஆர்டர் வந்தது போன மாதம். கொண்டுபோகும் வழியில் எங்கள் பழைய கார் எட்டாவது வேகத்தடையில் துள்ளிய துள்ளலில் மேலடுக்கு நழுவி, நடு அடுக்கையும் இழுத்துக்கொண்டு குப்புற விழுந்தது. அவள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு. மண்டப மேலாளர் நல்ல மனிதர். "இன்னொரு தடவை பார்ப்போம்மா. அதுவும் இப்படி வந்தா, அப்புறம் நான் உங்களைக் கூப்பிட முடியாது" என்றார். அந்த இன்னொரு தடவை இந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

குற்றவாளிகள் பின்பக்க ஷாக் அப்சார்பர்கள். பள்ளம் மேட்டில் வண்டியைக் குதிக்கவிடாமல் பிடிப்பது அவைதான்; எங்களுடையவை இரண்டும் எப்போதோ செத்துப்போயிருந்தன. பட்டறையில் அடுத்த வாரம்தான் முடியும் என்றார்கள். அவளே புது ஜோடி ஒன்றை வரவழைத்தாள். சனிக்கிழமை காலை, உள்ளே கேக் ஆறிக்கொண்டிருக்க, வாசலில் காரின் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம்.

துருப்பிடித்த பழைய போல்ட்டுகளைக் கழற்றும்வரை நான்தான் கதாநாயகன். அதே வேகத்தில் புதியதை மாட்டி, மேல் நட், கீழ் போல்ட் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். அவள் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, அதோடு வந்த செய்முறைக் காகிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து பார்த்தாள்.

"என்னங்க இது? ரப்பரை மிதிச்சு வச்ச மாதிரி ஆக்கிட்டீங்க. மேல இருக்கிற வாஷர் அகலத்துக்குப் பிதுங்கினதும் நிறுத்தணும்னு போட்டிருக்கே."

"ரப்பர்னா அமுங்கத்தானே செய்யும்?"

"மொத்தமா அமுங்கிட்டா அப்புறம் குலுக்கலை எது வாங்கும்? கீழ் போல்ட்டை இப்ப இறுக்கவே கூடாது. சக்கரமில்லாம அந்தரத்துல தொங்குது. இப்படியே இறுக்கினா, வண்டி இறங்கினதும் உள்ளே இருக்கிற ரப்பர் முறுக்கிக்கும். சீக்கிரமே கிழிஞ்சிடும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நட்டோட பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். எனக்கே சொல்றியா?"

"உங்களோட நான் பன்னிரண்டு வருஷம் நடத்தியிருக்கேன். அதனாலதான் சொல்றேன். நகருங்க."

எல்லாவற்றையும் தளர்த்தினாள். நல்லவேளை, ரப்பர் கிழியவில்லை. மேல் நட்டைத் திருகும்போது ஷாக்கின் தண்டும் கூடவே சுற்றியது. அதை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ரப்பர் அந்த வாஷரின் அகலத்துக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டாள். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சக்கரங்களை மாட்டி, தடித்த பலகைகள்மேல் வண்டியை இறக்கினோம். கீழ் போல்ட்டை இறுக்க நான் குனிந்தேன். என் தொப்பை அந்த இடைவெளிக்குள் நுழைய மறுத்தது.

"நான் போறேன். நீங்க உள்ளே உட்காருங்க. நாளைக்கு எப்படிப் போவோமோ அப்படியே வண்டி உட்காரட்டும். உங்க பலம் வேண்டாம், உங்க எடை போதும்."

கேக்குக்குப் பதிலாக, அதே எடைக்கு மாவுப் பைகளை நிறுத்துப் பின்னால் வைத்தாள். தன் இடத்திலும் சில பைகளை அடுக்கினாள். "எத்தனைன்னு எண்ணக்கூடாது" என்று எச்சரித்துவிட்டு வண்டிக்கடியில் நுழைந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வண்டிக்கடியில் மனைவி, வண்டிக்குள் மாவுப் பைகளோடு கணவன். "எங்கே கிளம்பிட்டீங்க?" என்றார்.

"எங்கேயும் இல்லை சார். சும்மா, எடைக்கு."

அவள் கையில் இருந்தது பட்டறையில் கேட்டு வாங்கிய டார்க் ரெஞ்ச். வேண்டிய இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும். முதல் டிக் கேட்டது. நிறுத்திவிட்டாள். இன்னும் அரைச் சுற்று போட எனக்குக் கை துடித்தது. இரண்டாவது டிக் கேட்டதும், கன்னத்தில் கிரீஸோடு சிரித்தபடி வெளியே வந்தாள். அந்த முகத்தைப் பார்த்து எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. எனக்கு வாய்த்தவள் கெட்டிக்காரி என்று வெட்கமில்லாமல் பூரித்தேன்.

மறுநாள் மண்டபம்வரை பதினொரு வேகத்தடைகளையும் எண்ணிக்கொண்டே போனோம். எட்டாவதில் கார் ஏறியது, இறங்கியது, அவ்வளவுதான். மேலாளர் பெட்டியைத் திறந்தார். மூன்று அடுக்கும் நிமிர்ந்து நின்றன. உச்சியிலிருந்த சர்க்கரைப் பூவின் ஓர் இதழ்கூட நகரவில்லை.

"அடுத்த மாசம் நாலு கல்யாணம் இருக்கும்மா. நாலுக்கும் நீங்களே பண்ணிடுங்க" என்றார் அவர்.

"சரி சார்" என்றாள், ஏதோ தினமும் நடப்பதுபோல. காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும்தான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் நான் மெதுவாக ஓட்டினேன்.

முதல் வேகத்தடையைத் தாண்டியதும் கையை எடுத்தாள். "இப்பத்தான் கேக் இல்லையே. ஏன் ஊர்றீங்க? திருப்புங்க, கொஞ்சம் வேகமா ஏத்துங்க."

திருப்பி ஏற்றினேன். கார் ஒரு முறை அமுங்கி எழுந்து அடங்கியது. வாய்விட்டுச் சிரித்தாள்.

"இன்னொரு தடவை" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. நான் வண்டியைத் திருப்பினேன்.