கம்பியடி டயரின் கணக்கு

இவ்வளவு காலம் வாய் திறக்காமல் இருந்தது போதும்.

பேராசிரியர் தர்மராஜ் லண்டனில் இறந்துவிட்டார். நேற்றிலிருந்து நம் தோட்டத்து ஃபேஸ்புக் குரூப் முழுக்க அவர் போட்டோதான்... "ஹட்டன் மண் தந்த கணித மேதை" என்று.

மேதைதான். மறுக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நானும் அவரும் ஒரே தொழிற்சாலை ஆபீசில் டெம்பரரி கிளார்க். அவர் பெரிய கணக்கப்பிள்ளையின் மகன், டிகிரி முடித்தவர். நான் தொழிலாளர் லயத்துப் பையன், கணக்கில் பைத்தியம்.

மேல்மலையிலிருந்து தேயிலைக் கொழுந்துச் சாக்குகள் கொக்கியில் தொங்கியபடி கம்பியில் சறுக்கி வரும். அடியில் தூணோடு கட்டிய பழைய லொறி டயரில் மோதி நிற்கும். அவற்றைக் கழற்றி இறக்குவது என் அப்பா முத்தையாவின் வேலை. டயரைக் கட்டுவதும் அவர்தான்.

கொழுந்து குவிகிற மாதம். ஒரு கொக்கியில் இரண்டு சாக்கு அனுப்பலாமா என்று தோட்டத்து மேனேஜர் துரை கேட்டார். தர்மராஜ் ஒற்றைச் சாக்கை மட்டும் மோதவிட்டு அளந்தார், கிராப் தாளில் நேர்கோடு போட்டார்.

"ஒரு சாக்குக்கு நாலு இஞ்சு அமுங்குது. ரெண்டுக்கு எட்டு. இதுல என்னடா இருக்கு?"

"டயருக்குள்ள எடமே ஆறு இஞ்சுதாங்கண்ணே. அதுக்கு மேல உள்சுவரும் உள்சுவரும் ஒட்டிக்கிரும். பொறவு அது ரப்பர் இல்ல, கல்லு."

"ரப்பருக்கு நீ என்ன வக்கீலா?"

ஆபீசே சிரித்தது.

அவருடைய கோட்டின்படி டயரின் ஒரு சுவர் இன்னொரு சுவருக்குள் புகுந்து மறுபக்கம் போயிருக்க வேண்டும். தாளில் போகும். தூணில் போகாது.

நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சுவர்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும்வரை ஒன்றையொன்று தள்ளும் விசை இல்லை. அந்த விசை வந்துவிட்டால் இடைவெளி இல்லை. எந்த இடத்தில் தொடும் என்பது முன்கூட்டித் தெரியாது, அதையும் சேர்த்தே கண்டுபிடிக்க வேண்டும்... அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அனுப்பலாம் என்று துரையிடம் சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் இரட்டைச் சாக்கு வந்து மோதியது. டயர் அமுங்கி, சுவரோடு சுவர் முட்டி, கொக்கி உடைந்தது. சாக்கு அப்பாவின் இடுப்பில் விழுந்தது.

விசாரணையில் தர்மராஜ் துரையிடம் சொன்னது ஒரே வரி. "முத்தையா டயர கோணலா கட்டியிருந்தான் சார்."

அப்பா என்னைப் பார்த்தார். "நேராத்தான் கட்டுனேன் தம்பி... நீ படிச்ச புள்ள, எடுத்துச் சொல்லேன்."

நான் சொல்லவில்லை. கணக்கப்பிள்ளையைப் பகைத்தால் நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவும் போய்விடும் என்று பயம்.

அப்பாவைப் புல்லுவெட்டுக்கு மாற்றினார்கள். நொண்டியபடி மலை ஏறினார். சின்னப் பிள்ளைகள்கூட "கோணக்கட்டு முத்தையா" என்று கூப்பிட்டார்கள். சாகிறவரை அதுதான் பெயர்.

தர்மராஜ் லண்டன் போனார். ரப்பர் போன்ற பொருள்கள் பெரிதாக உருமாறித் தம்மையே தொட்டுக்கொண்டால் என்ன ஆகும்... அதுதான் அவருடைய டாக்டர் பட்டத்து ஆராய்ச்சி.

பல வருஷம் கழித்து அந்த ஆய்வேட்டின் பிரதி ஒன்று கைக்குக் கிடைத்தது. முதல் உதாரணமே கம்பியின் முனையில் ஒரு டயர். நான் எழுதிய நிபந்தனை, அவருடைய பெயரில். அதைக்கூட விட்டுவிடுகிறேன், எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் அந்தப் படத்தில் டயர் நேராகக் கட்டப்பட்டிருக்கிறது. நேராகவே கட்டிய டயர், இரண்டு மடங்கு பாரம், சுவர்கள் தொட்டதும் விசை எகிறிக் கொக்கி தாங்காது. அவரே நிரூபித்து வைத்திருக்கிறார்.

தெரிந்துகொண்டுதான் இத்தனை வருஷம் இருந்திருக்கிறார். ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். அவர் அதை எழுதியபோது அப்பா உயிரோடுதான் இருந்தார்.

போய்வாருங்கள் அண்ணே. ஆய்வேட்டில் உங்கள் கணக்கு சரி. துரையிடம் சொன்னதுதான் பொய்.

இந்த குரூப்பில் பெயர் காட்டாமல் போடும் வசதி இருக்கிறது. முத்தையாவின் மகன் யாரென்று தெரிந்தவர்களுக்குத் தெரியட்டும். என் பெயரைப் போட்டால் நாளைக் காலை பேச்சு என் பொறாமையைப் பற்றியதாகிவிடும்... எனக்கு இதில் ஒரே ஒரு பெயர் நின்றால் போதும். முத்தையா. டயரை நேராகக் கட்டியவர்.

என் பெயர் இல்லாமலே போடுகிறேன்.