தள்ளுவண்டியில் வந்த படம்

யமனே ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "அடுத்தது யாரும்மா?" என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவான். சரி, இதில் முக்கால்வாசி மிகை. கேட்டது யமனல்ல, தலைமை டாக்டர். மற்றதெல்லாம் உண்மை.

இரண்டாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவள் கணினிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பழைய நோயாளிகளின் நெஞ்சு எக்ஸ்ரே படங்களைக் காட்டி, இவர் பிழைத்தார், இவர் போனார் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். பிறகு புதுப் படத்தைக் காட்டினால், பிழைப்பாரா மாட்டாரா என்று அதுவே சொல்லிவிடும். பெரும்பாலும் சரியாகவே சொன்னது. டாக்டரும் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்.

வீட்டில் அவளுக்கு ஜோசியக்காரி என்று பட்டம் கொடுத்தவர் மாமனார்.

"படத்தைப் பாத்தே ஆயுசு சொல்றா என் மருமக. சோத்துல உப்பு இருக்கான்னு மட்டும் தின்னு பாத்தாலும் தெரியாது!"

விருந்தாளிகள் சிரிப்பார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பாள்.

அந்த மாமனார் நெஞ்சுச் சளியோடு அதே ஆஸ்பத்திரியில் வந்து படுத்தார். எக்ஸ்ரே அறைக்கு நடந்து வரச் சொன்னார்கள்.

"நான் எதுக்குப் போகணும்? வேணும்னா அது வரட்டும்," என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். எழ முடியாதவர்களுக்கென்று வைத்திருந்த சின்ன எக்ஸ்ரே இயந்திரத்தை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்து படம் எடுத்தார்கள்.

மறுநாள் காலை அவருக்கு மூச்சுத் திணறியது. செயற்கை மூச்சுக் கருவியோடு ஒரே ஒரு கட்டில்தான் காலி. அது வேண்டுமென்று ஒரு பஸ் டிரைவரும் திணறிக்கொண்டிருந்தார். கணினியைக் கேட்டார்கள். டிரைவர் பிழைக்க நூற்றுக்கு எழுபது வாய்ப்பு, மாமனாருக்கு ஒன்பது.

அவள் படத்தைப் பார்த்தாள். ஓரத்தில் அந்தச் சின்ன இயந்திரத்தின் முத்திரை. பழைய படங்களைப் புரட்டினாள், செத்தவர்களின் படங்களில் பெரும்பாலும் அதே முத்திரை. கணினி இத்தனை நாளும் நுரையீரலைப் படிக்கவே இல்லை, முத்திரையைத்தான் படித்திருக்கிறது. வண்டியே தேடிப் போய்ப் படம் எடுத்த, எழ முடியாத நோயாளிகள் பெரும்பாலும் செத்தார்கள். ஆகவே வண்டி வந்தால் சாவு. மகா மேதை!

"நம்பலாமாம்மா?" என்றார் டாக்டர்.

நாளை வேறு ஆஸ்பத்திரிக்காரர்கள் அவள் கணினியைப் பார்க்க வருகிறார்கள். அந்த உப்பும் நினைவுக்கு வந்தது.

"நம்பலாம் டாக்டர். என் மாமனார்ங்கறதுக்காக நான் சலுகை கேக்கக் கூடாது."

டாக்டர் நெகிழ்ந்தே போனார். கட்டில் டிரைவருக்குப் போனது. மாமனார் பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டார். கணினியின் கணக்கில் இன்னொரு 'சரி' ஏறியது.

துக்கம் விசாரிக்க டாக்டர் வீட்டுக்கே வந்தார். "எவ்வளவு துல்லியமா சொல்லிடுச்சு, பாத்தியாம்மா!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "படம் எடுக்கக்கூட அவரால எந்திரிக்க முடியல டாக்டர். அப்பவே பாதி உயிர் போயிடுச்சு."

மூலையில் உட்கார்ந்திருந்த மாமியார் தலை நிமிர்ந்தாள்.

"முடியலன்னு யாருடி சொன்னா? எந்திரிக்க மாட்டேன்னார். வண்டி அந்தப் பக்கம் போனதும் கேன்டீனுக்கு நடந்து போய் டீ குடிச்சிட்டு வந்தாரே, நீதானே எதிர்ல வந்தே."