மார்கழிப் பூ இனிப்பு

கரிக்கலாம்பாக்கத்தில் எதிர்வீட்டு மாடியில் குடியிருந்த ஜப்பான்காரம்மாவுக்கு நரைத்த கிராப்பு. மார்கழியில் விடிந்ததும் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் குந்தி, கோலத்தையும் அதன் நடுவில் வைத்த சாணிப் பிள்ளையாரையுமே பார்த்துக்கொண்டிருப்பார்.

இனிப்புக்கடை போட அந்த வீட்டுக்காரம்மாவிடம் முன்னறையைக் கேட்டிருந்தார். ருசி பார்த்துவிட்டுத்தான் சாவி என்றார் வீட்டுக்காரம்மா. உணவு உரிம விதிகள் அத்தனையும் அறிந்த ஓய்வுபெற்ற அதிகாரி என்று என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

தட்டு வந்தது. நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். தட்டில் சாணி உருண்டை, அதன் தலையில் பூசணிப்பூ.

"இன்னாம்மா இது! சாணிய தட்டுல வச்சிக்கினு வர்ற?" என்றார் வீட்டுக்காரம்மா.

"காராமணி, சர்க்கரை. எங்க ஊர்ல அந்தந்த மாசத்துப் பூவை இனிப்பா செய்வோம். இந்த மாசம் உங்க வாசல்ல இந்தப் பூதான்."

வீட்டுக்காரம்மா குனிந்து பார்த்தார். சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"புள்ளையாரப்பா! ஒன்ன எப்டிப்பா நான் கடிப்பேன்? சார், நீங்க?"

நான் கூரையைப் பார்த்தேன்.

வீட்டுக்காரம்மா இனிப்பைக் கொண்டுபோய் வாசல் கோலத்தின் நடுவில் வைத்துவிட்டு வந்து சாவியை நீட்டினார். ஜப்பான்காரம்மா கை நீட்டவில்லை.

"நீங்க சாப்பிடலியே."

அதற்குள் தெருவில் வந்த மாடு பிள்ளையாரை ஒரே வாயில் விழுங்கி, கோலத்தையும் நக்கியது. ஜப்பான்காரம்மா இடுப்பு வளைய அதை வணங்கிவிட்டு, பிறகுதான் சாவியை வாங்கினார்.

மாடு ருசி பார்த்தால் செல்லுமா என்று எந்த விதியிலும் நான் படித்ததில்லை.