ஏரியில் ஒன்றுமில்லை என்று சொல்லப் போனவர்

தொலைபேசியில் ரெஜினாவின் தம்பி பேசினார். "தூக்கத்துலயே போயிட்டாங்க." முதலில் எனக்குள் எழுந்தது துக்கம் இல்லை. நிம்மதி. இந்த மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் பட்ட பாட்டைப் பார்த்த, இன்று அஞ்சலிக்குக் கூடியிருக்கும் நீங்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில்தான் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தோம். வயதில் அவர் மூத்தவர். வேலையில் இருவருமே புதியவர்கள். செடிகள் வெளிவிடும் வாயுக்களை அளப்பது எங்கள் வேலை. மண்ணில் ஈயமோ செம்போ மிகுந்தால் செடி எத்திலீனைக் கூடுதலாக வெளிவிடும். காய்களைப் பழுக்கவைக்கும் அதே வாயு. ரெஜினா சொல்வார்: "செடி புகார் சொல்லும். யார் மேலன்னு சொல்லாது."

எண்பதுகளின் தொடக்கம். பழவேற்காடு ஏரியில் உலோகக் கழிவு கலந்துவிட்டதாக ஒரு பேச்சு. பொன்னேரி வியாபாரிகள் ஒரு குப்பத்து இறாலை மட்டும் தொட மறுத்தார்கள். கூடைகள் போன பஸ்ஸிலேயே திரும்பி வந்தன. குப்பம் எங்கள் அறிக்கைக்காகக் காத்திருந்தது.

கரையில் வளரும் உமரிச் செடியின் கிளையைப் பாலித்தீன் பையால் மூடுவோம். வாயைக் கட்டுவோம். வெயில் படாமல் ரெஜினா குடை பிடிப்பார். பிறகு பைக்குள் சேர்ந்த காற்றை ஊசிக்குழலில் இழுத்து, ரப்பரால் அடைத்து, நகரத்துக்குக் கொண்டுபோவோம்.

"இன்னா டீச்சரம்மா, செடிக்கு ஊசியா?" என்றார் மீன் விற்கும் தனம்மா.

"போடற ஊசி இல்லம்மா. எடுக்கற ஊசி."

"ரத்த டெஸ்டுன்னு சொல்லு. பாவம், அதுக்கும் சக்கரையா?"

ஆய்வுக்கூடத்தில், குப்பத்துச் செடிகளின் காற்றுக்கு, வாயுவின் அளவைத் தாளில் வரையும் கருவியின் பேனா உயர எழுந்தது. ஒப்பிடுவதற்காக ஆரம்பாக்கம் பக்கம் எடுத்த காற்றுக்கு அசையவே இல்லை. மண் மாதிரிகளின் முடிவு வேறொரு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தபாடில்லை. மேலிடம் அவசரப்பட்டது. ஏரியில் உலோகம் கலந்திருக்கிறது என்று அறிக்கை தயார். ரெஜினா கையெழுத்துப் போடவில்லை.

"இன்னொரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாம்."

"எதைக்கா பாக்கணும்?"

"தெரியல. அதான் போகணும்."

எப்போதும் முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டுத்தான் போவோம். அந்த முறை சொல்லாமல் போனோம். செடிகள் காய்ந்த குச்சிகளோடு கண்டபடி வளர்ந்து கிடந்தன. ரெஜினா நின்றுவிட்டார்.

"தனம்மா, போன தடவ இப்படி இல்லையே?"

"சொல்லிட்டு வந்தீங்கன்னா இப்டியா இருக்கும்? பெரிய ஆபீசருங்க வந்தா தெருவப் பெருக்குவோம். நீங்க செடியப் பாக்க வர்றவங்க. அதான் விடியறதுக்குள்ள பொம்பளைங்க நாங்க கத்தி எடுத்தாந்து, எல்லாத்தயும் கழிச்சு, நறுக்குனு பண்ணி வெச்சோம். சூப்பரா இருந்திச்சில்ல?"

ரெஜினா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். வெட்டுப்பட்ட செடியும் எத்திலீனைத்தான் வெளிவிடும்.

"இன்னாம்மா, தப்பாயிடுச்சா?"

"இல்லம்மா. ரொம்ப அழகா இருந்திச்சு. இனிமே மட்டும் தொடாதீங்க."

யாரும் தொடவில்லை. காயங்கள் ஆறும்வரை பொறுத்திருந்து மறுபடி காற்றெடுத்தோம். பேனா அசையவில்லை. தாமதமாக வந்த மண் முடிவும் அதையே சொன்னது. திருத்திய அறிக்கை போனது.

எங்கள் வேலை அதோடு முடிந்தது. ரெஜினாவைப் பொறுத்தவரை முடியவில்லை. அறிக்கை எந்த மேசையில் எத்தனை நாள் தூங்குமோ என்றார். மறுநாளே குப்பத்துக்குக் கிளம்பினார். நானும் போனேன்.

"இன்னாம்மா இருக்குது ஏரில?" தனம்மாவின் குரலில் அன்று கேலி இல்லை.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமேவா?"

"மீனு இருக்கு. இறா இருக்கு. நீங்க பயந்தது இல்ல."

தனம்மா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். "எங்ககிட்ட சொல்லி இன்னா? அவனுங்ககிட்ட வந்து சொல்லு."

போனார். பொன்னேரிச் சந்தையில் தனம்மாவின் கூடைக்குப் பக்கத்தில், வெயிலில், நின்றார். யார் கேட்டாலும் அதே பதில். ஒரு வியாபாரி கண்ணைச் சுருக்கினார்.

"ஊருக்கு உபதேசம் சரிம்மா. நீங்க வாங்குவீங்களா?"

ரெஜினா தன் துணிப்பையைத் தூக்கிக் காட்டினார். அடியில் இறால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வியாபாரி சிரித்துவிட்டார். குனிந்து கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

கண்டுபிடித்ததைச் சொல்ல ஓடுகிறவர்கள் நம்மிடையே நிறைய. ஒன்றுமில்லை என்பதைச் சொல்ல இவ்வளவு தூரம் போன ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பயணத்தை. திரும்பும் ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். ரெஜினா ஜன்னலில் தலை சாய்த்து நிம்மதியாகத் தூங்கினார்.