நாற்பத்திரண்டில் அப்பா இருந்த இடம்

இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்கு ஆசியாவுக்கான நேச நாடுகளின் தலைமையகம் 1944 ஏப்ரலில் டெல்லியிலிருந்து இலங்கைக்கு, கண்டியை அடுத்த பேராதனைப் பூந்தோட்டத்துக்கு வந்தது. சண்டை நடந்ததோ பர்மாவில். அவ்வளவு தூரத்தில், ஒரு பூந்தோட்டத்தில் இருந்துகொண்டு போரை நடத்த ஏன் தீர்மானித்தார்கள் என்பதற்கு நான் படித்த புத்தகங்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லின. நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்த புதிதில் இதைப் பற்றி ஒரு விவரணப் படம் எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். அக்காலத்தை நேரில் அறிந்தவர்கள் எழுதலாம் என்றார்கள். அன்றே எழுதினேன். அங்கே கொட்டகைகளுக்குக் கிடுகு வேய்ந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

கடிதத்தைத் தபாலில் சேர்த்த பிறகுதான் அப்பாவிடம் சொன்னேன்.

"வருசமெல்லாம் கேப்பாங்களா?" என்றார்.

அவர் எந்த வருடத்தை நினைத்துக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். 1942 ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். கடுகண்ணாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்த அப்பா பயந்து இந்தியாவுக்குப் போய்விட்டார். திரும்பியது மறு வருடக் கடைசியில். எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினருக்கான பிரஜாவுரிமைச் சட்டமோ, ஒரே முறையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தீவை விட்டுப் போயிருந்தால் தொடர்ந்து வசித்ததாகக் கொள்ள முடியாது என்றது. ஐம்பதுகளில் நடந்த விசாரணையில், தான் எங்கும் போகவில்லை என்று அப்பா சத்தியக்கடதாசி கொடுத்துப் பதிவுப் பிரஜை ஆனார். அவருடைய பிள்ளையாக என் பெயரும் அதே விண்ணப்பத்தில் இருந்தது. அதை வைத்துத்தான் கண்டியில் ஓர் அரச கந்தோரில் எழுத்து வேலை கிடைத்து லிகிதரானேன். பொய்த் தகவல் கொடுத்துப் பெற்ற பதிவை எத்தனை வருடம் கழித்தும் ரத்துச் செய்யலாம். அந்தப் பிரிவை நான் பலமுறை படித்திருக்கிறேன்.

படப்பிடிப்பு நாளில் குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் போனோம். அந்த நாளின் திகதியை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை.

"குண்டு போட்ட கதைய எடுத்தா நான் பாத்துக்கிறேன். நீ வாயத் தொறக்காத" என்றார் அப்பா. "ஒன் நாக்குல கலண்டர் தொங்குது."

"நான் ஏன்ப்பா பேசப்போறேன்?"

"நீயா? கல்யாணப் பத்திரிகையில நாளும் கெழமையும் ஒத்துவரலன்னு பொண்ணு வீட்டுக்கே போய்ச் சொன்னவன்தானே."

பூந்தோட்டத்தில் ஆற்றோரமாக அப்பாவை ஒரு கதிரையில் உட்கார வைத்தார்கள். தயாரிப்பாளர் சிங்களவர். தமிழில் கேள்வி கேட்டவர் திகனயைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் இளைஞர். கொட்டகைகள் எங்கே நின்றன, தொலைபேசிக் கம்பிகளை எப்படி மரத்துக்கு மரம் இழுத்தார்கள், ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் மூங்கில் புதரைப் பார்த்து எப்படிப் பயந்தான் என்றெல்லாம் அப்பா விரலை நீட்டி நீட்டிச் சொன்னார். எனக்கு மூச்சு இலேசாகிக்கொண்டு வந்தது.

"ஜப்பான் குண்டு போட்ட நேரம் எங்க இருந்தீங்க, ஐயா?"

"இங்கதான், கடுகண்ணாவத் தோட்டத்துல. நாப்பத்திமூணுல போட்டாங்க. லயத்துக்குப் பின்னால குழி வெட்டி ஒளிஞ்சோம்."

"நாப்பத்திரெண்டு" என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இளைஞர் என் பக்கம் திரும்பி, "நிச்சயமா?" என்று கேட்டார்.

"ஏப்ரல், ஈஸ்டர் ஞாயிறு. நாப்பத்திமூணுல அப்பா மண்டபம் கேம்புலதானே இருந்தாங்க, திரும்பி வாறதுக்கு."

மண்டபம் முகாம் இந்தியக் கரையில் இருக்கிறது என்பதை மலைநாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கமரா ஓடிக்கொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, அந்த இயந்திரத்தையே பார்த்தார்.

"தம்பி, அத அழிச்சிருங்க" என்றார் இளைஞரிடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிரஜாவுரிமைக் கடதாசியில வேற மாதிரி குடுத்திருக்கு. இவன் உத்தியோகமும் அதுலதான் நிக்குது."

இளைஞர் தயாரிப்பாளர் நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"டேப் கொழும்புக்குப் போகும், ஐயா. வெட்டுறது ஒட்டுறதெல்லாம் அவங்கட வேல. நான் சிங்களத்துல மாத்திக் குடுக்கிற ஆள் மட்டும்தான்."

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பகுதியை நீக்கும்படி கேட்டு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதியதும், இதுவே என் கையெழுத்தோடு ஒரு சாட்சியாகிவிடும் என்று புரிந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலையில் படம் ஒளிபரப்பானது. பக்கத்து வீட்டில், ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவருடைய வரவேற்பறையில் பார்த்தோம். வரவேண்டாம் என்று சொல்லியும் அப்பா வந்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் வெகுநேரம் பேசினார்கள். தலைமையகம் ஏன் கண்டிக்கு வந்தது என்பதற்கு அவர்களும் ஒத்த காரணம் சொல்லவில்லை. அப்புறம் அப்பா வந்தார். மூங்கில் புதர் வந்தது. குண்டு பற்றிய கேள்வியும் வந்தது.

அவர்கள் எதையும் வெட்டியிருக்கவில்லை. ஆனால் அப்பா வாயைத் திறந்ததுமே தமிழ் அடங்கி, மேலே, அந்த இளைஞர் மாற்றிக் கொடுத்த சிங்களம் வேறொரு குரலில் ஏறியது. போர் முடியும்வரை இவர் கடுகண்ணாவையிலேயே இருந்தார், தீவை விட்டு ஒரு நாளும் போகவில்லை என்றது. அடியில் என் குரல் முணுமுணுத்தது. 'மண்டபம்' என்ற சொல் எனக்குத் தெளிவாகவே கேட்டது.

"அப்ப யுத்தம் முழுக்க இங்கேதானா?" என்று ஆசிரியர் சிங்களத்தில் வியந்தார்.

"ஓவ், மாத்தயா" என்று சிங்களத்திலேயே ஆமோதித்தார் அப்பா.

மறுநாள் காலை கந்தோரில் பிரதம லிகிதர் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் எல்லோருடைய சுயவிவரக் கோவைகளும் அவருக்குப் பின்னாலிருந்த அலுமாரியில்தான் இருந்தன.

"நேற்று உம்மட அப்பா ரீவியில வந்தவர், என்ன?"

"ஆமா, சேர்."

"சிங்களத்தில ஒண்டு சொல்லுறாங்கள். கீழ தமிழில வேற ஏதோ கேட்டுது. உம்மட குரல் மாதிரியும் கிடந்தது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எது சரி?"

"சிங்களத்துல சொன்னதுதான் சரி, சேர்."

"நீர் வருசம் பிழைவிடுற ஆளில்லையே."

"அப்ப நான் பொறக்கவே இல்ல, சேர்."

அவர் பின்னாலிருந்த அலுமாரிப் பக்கம் ஒருமுறை திரும்பினார்.

"ஓம், அதுவும் சரிதான்" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அன்றைய தபால் கட்டை என் பக்கம் தள்ளினார்.