கிளம்பும் நாளை வெர்லீன் சொல்வாள்

ஏசியைப் போட்டதும் ஜெனரேட்டர் இருமியது. திணறியது. பிறகு நின்றே போனது. படுக்கையும் அடுப்பும் கொண்ட வீட்டு வண்டிக்குள் விளக்கு, விசிறி எல்லாம் அடங்கின. வெளியே அரிசோனா பாலைவனத்தின் ஏப்ரல் வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

"பாத்தியாம்மா?" என்றான் மகன் டாட். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இதுக்குத்தான் சொல்றேன். வண்டிய வித்துட்டு என்கூட கிளம்பு. ஃபீனிக்ஸ்ல உனக்கு ரூம் சொல்லி வச்சிருக்கேன். முதியோர் விடுதின்னாலும் ஹோட்டல் மாதிரி இருக்கும்."

"ஹோட்டல்னா நீயே போய்த் தங்கு" என்றாள் வெர்லீன்.

கான்சாஸில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவள் அவள். புருஷன் கேல் நல்லவன்தான். ஆனால் இந்த வண்டியின் சாவியைக்கூட அவள் கையில் கொடுத்ததில்லை. "உனக்கெதுக்கு இதெல்லாம்?" என்பான். அவன் செத்துப்போனபின் மகனும் அதையே சொன்னான். அந்தக் கோபத்திலேயே, ஞாயிறு பூசை முடிந்து காலியாகிவிட்ட தேவாலயத்து மைதானத்தில் வண்டி ஓட்டப் பழகினாள். விளக்குக் கம்பம் ஒன்றைச் சாய்த்தாள். பாதிரியாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுவாரமும் போனாள். அப்போதிருந்து குளிர்காலமெல்லாம் அவளுக்கு இந்தப் பாலைவனம்தான்.

அவளைப்போலக் குளிருக்கு வண்டியோடு வந்து தங்கிய மற்றவர்கள் வெயில் ஏறியதும் வடக்கே போய்விட்டார்கள். எஞ்சியிருந்த ஒரே அண்டைவாசி ஆர்விட், லாரி ஓட்டி ஓய்ந்த கிழவன். சுருட்டும் வாயுமாக வந்து எட்டிப் பார்த்தான்.

"உள்ள காயில் எரிஞ்சிருக்கும் வெர்லீன். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு."

"உனக்கும்தான் இடுப்பு போச்சு. உன்னைத் தூக்கியா போட்டாங்க? முதல்ல சுருட்டை அணை, பெட்ரோல் சமாச்சாரம் இது."

அவள் ஜெனரேட்டரை மறுபடி கிளப்பினாள். காபி போடும் மெஷினை மட்டும் ஓடவிட்டாள். சிக்கலில்லாமல் ஓடியது. ஏசியையும் போட்டதும் பழையபடி இழுத்து இழுத்துச் செத்தது. குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"காயில் எரியல. ஆயிலும் சரியாத்தான் இருக்கு. சட்டுனு நிக்கல பாரு, மூச்சு முட்டி நிக்குது. பசி அதுக்கு. பாரம் ஏறினா பெட்ரோல் கூடக் கேக்குது, வந்து சேரல."

முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினாள். புழுதி பறந்தது, பலனில்லை. எஞ்சின் சூடு ஆறும்வரை காத்திருந்து, பேட்டரி ஒயரையும் கழற்றிவிட்டு, சாக்கை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து நுழைந்தாள்.

"எழுபது வயசுல என்னம்மா இது? யாராவது பாத்தா என்னைத்தான் காறித் துப்புவாங்க!"

"துப்பினா வாங்கிக்க. அந்த இடுக்கியை எடு."

பெட்ரோல் ஃபில்டரை மாற்றினாள். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. வெளியே வந்து பேட்டரியை மாட்டி, ஜெனரேட்டரைக் கிளப்பி, முழு நம்பிக்கையோடு ஏசியைப் போட்டாள். ஜெனரேட்டர் அதே இருமலோடு நின்றது. டாட் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு அப்படியே கேலின் சிரிப்பு. வெர்லீனுக்குக் கண் கரித்தது. படியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். தோற்றுவிட்டோமோ என்ற நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அவளுக்கு ஆத்திரமும் பொங்கியது.

எஞ்சின் ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்துவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றி, மறுபடி சாக்கை உதறி விரித்தாள்.

"போதும்மா!"

"நீ சொல்லி நான் நிறுத்தணுமா?"

இம்முறை அடியில் எந்தப் பாகத்தையும் கழற்றவில்லை. ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே பெட்ரோல் டேங்க்வரை போனாள். டேங்க்கில் மாட்டியிருந்த முனையில் விரல் நின்றது. குழாய் காய்ந்து வெடித்திருந்தது. பெட்ரோல் வெளியே ஒழுகவில்லை. ஆனால் ஜெனரேட்டர் பலமாக உறிஞ்சும்போது அந்த வெடிப்பு வழியாகக் காற்றுதான் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"அகப்பட்டுக்கிட்டியாடா கழுத!" என்று கத்தினாள்.

வெடித்த முனையை நறுக்கியெறிந்து, நல்ல பகுதியைத் திரும்பச் செருகி, வளையம் போட்டு இறுக்கினாள். சிந்தியதைத் துடைத்து, வாடை போகும்வரை பொறுத்தாள். பேட்டரியை மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். ஏசி போட்டாள். ஜெனரேட்டரின் குரல் ஒரு கணம் கனத்தது, பிறகு நிலைத்தது. காபி மெஷினையும் போட்டாள். அப்போதும் ஜெனரேட்டர் அசரவில்லை.

ஆர்விட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நான் இன்னும் காயில்னுதான் சொல்வேன்."

"சொல்லிக்கிட்டே இரு."

உள்ளே சில்லென்ற காற்றில் உட்கார்ந்து மூவரும் பீன்ஸ் குழம்பும் சோள ரொட்டியும் தின்றார்கள். டாட் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்: "மறுபடி வேறெங்காவது வெடிச்சா என்னம்மா பண்ணுவ?"

"மறுபடி கீழ படுத்துப் பாப்பேன்."

"ஒரு நாள் எந்திரிக்க முடியாமப் போனா?"

அந்தக் கேள்வியில் இருந்தது பயம். அது அவளுக்குப் புரிந்தது. அவன் தோளைத் தொட்டாள். "அன்னிக்கு நானே உன்னைக் கூப்பிடுவேன். அதுவரைக்கும் எனக்கு ரூம் பாக்காத."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் காரேறினான். வாசலில் நின்று கையாட்டினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

சில நாள் கழித்து வெயில் அவளுக்கே அலுத்தது. ஆர்விட்டிடம் சொல்லிக்கொண்டு வண்டியை யூட்டா மலைகளை நோக்கித் திருப்பினாள். ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தபோது போன் ஸ்பீக்கரில் டாட்டின் குரல் வந்தது.

"எங்கம்மா இருக்க? யாரைக் கேட்டுக் கிளம்பின?"

"மேட்டுல ஏறிட்டிருக்கேன், அப்புறம் பேசு" என்று போனை வைத்தாள் வெர்லீன்.